மாடு தின்னாத செடி

ஜூலை 31, 1988

நாளை மாதா கோயில் மணி அடித்ததும் புல் வெட்டப் பொதுமலை திறக்கும். ஒரு சரிவில் அரிவாளால் முதல் வீச்சு யார் வெட்டுகிறாரோ, அதன் புல் அந்த வருடம் அவருக்கு. ஓநாய்ப்பாறைச் சரிவை எப்போதும் மெல்க் பிடிப்பான். அன்றே மொட்டையடித்தும் விடுவான். கொழுந்தனாயிற்றே என்று இத்தனை நாள் வாய் மூடியிருந்தேன். அங்கே உள்ள ஜென்ஷியன் செடிகளில்தான் அந்த நீல வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருக்கிறது. எதிர்ச்சரிவில் இருந்ததை வெட்டியே தீர்த்துவிட்டோம். இந்த ஷேகன் பள்ளத்தாக்கில் இனி வேறெங்கும் இல்லை.

இந்த முறை விடப்போவதில்லை.

ஆகஸ்ட் 1

பிடித்துவிட்டேன். மெல்க் காப்பியில் சாராயம் ஊற்றிக்கொண்டு கதை அளந்துகொண்டிருந்தான். மணி அடித்ததும் நான் ஏறத் தொடங்கிவிட்டேன். அவன் மூச்சு வாங்க வந்தபோது ஒரு வீச்சு வெட்டி முடித்திருந்தேன்.

"என்ன அண்ணி, ரெண்டு ஆட்டை வச்சுக்கிட்டு இத்தனை புல்லு எதுக்கு?"

"உன்கிட்டேருந்து காப்பாத்தத்தான்."

ஆகஸ்ட் 6

இன்னும் வெட்டவில்லை. கடைக்குப் போனால் சிரிக்கிறார்கள். பூச்சி மேய்க்கிறவளாம். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 9

மலைச் சங்கத் தலைவர் கார்லி வந்தார். பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாளுக்குள் புல் முழுக்கக் கீழே வராவிட்டால் இனி எனக்கு மலையில் உரிமையே கிடையாதாம். மெல்க் போய் முறையிட்டிருக்கிறான். புழு செடியிலிருந்து மண்ணுக்கு இறங்க மாதக் கடைசி ஆகுமே — இப்போ என்ன பண்றது நான்? இறங்கிய புழுவை எறும்பு தன் பிள்ளையென்று தூக்கிப் போய் வளர்க்கிறது. எறும்புக்கு இருக்கிற மனசு இவனுக்கு இல்லை.

ஆகஸ்ட் 10

புல்தானே வேண்டும்? தருகிறேன்.

ஆகஸ்ட் 14

முதுகு ஒடிந்துவிட்டது. முட்டி போட்டு, கருக்கரிவாளால் ஒவ்வொரு ஜென்ஷியனையும் சுற்றி அறுத்தேன். கடைசிப் புல்கட்டும் சரிவிலிருந்து கீழே இழுத்துக் கட்டிய கம்பியில் சறுக்கி இறங்கிவிட்டது. கார்லியும் மெல்க்கும் பார்வையிட வந்தார்கள்.

"செடி நிக்குதே," என்றான் மெல்க்.

"அது கசப்பு. உன் மாடு தின்னுமா?"

"தின்னாது."

"மாடு தின்னாததை வெட்டணும்னு எந்த விதியில இருக்கு? காட்டு."

கார்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்படி ஒரு விதி இல்லை.

ஜூலை 18, 1989

நீலம் பறக்கிறது. இந்த முறை காப்பி குடிக்கப் போவதில்லை என்று மெல்க் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம்.

ஆகஸ்ட் 1

தோற்றேன். இடுப்பு வலியோடு நான் ஏறி முடித்தபோது அவன் முதல் வீச்சு வெட்டிவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"சரிவு என்னோடது, அண்ணி."

"தெரியுது."

"புல்லை நான் பாத்துக்கறேன். அந்தக் கசப்பைச் சுத்தி முட்டி போட எனக்குப் பொறுமை கிடையாது. கருக்கரிவாள் கொண்டாந்தீங்களா?"

பைக்குள்தான் இருந்தது. எடுத்தேன்.

"மத்தியான ரொட்டியும் சீஸும் உன் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு முட்டி போட்டேன்.