மரங்கொத்திக்குத் தெரிந்தது

ஏப்ரல் 6
பனி உருகி மெய்ன் மாநிலம் முழுக்கச் சேறு. மூன்று நாளாக ஒரு மரங்கொத்தி எங்கள் வடக்குச் சுவரைக் கொத்திக்கொண்டிருக்கிறது. வெளியே இருப்பது வினைல் பலகை. பிளாஸ்டிக்கில் புழு இருக்காது என்பது பறவைக்குத் தெரியாதா? உள்ளே இருக்கும் பழைய பைன் மரத்தைப் பற்றி அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

வினைலின் ஓரத்தை நெம்பி, பென்சிலால் பைன் மரத்தைக் குத்தினேன். பாதிப் பென்சில் உள்ளே போய்விட்டது.

என் பராமரிப்பில் குறை கிடையாது. ஒவ்வொரு அக்டோபரிலும் சிலிக்கோன் பசையோடு வீட்டைச் சுற்றி வந்து, நார்மண்ட் அடைக்காமல் விட்டுப்போன ஓட்டைகளை எல்லாம் அடைக்கிறவன் நான். நார்மண்ட் என் மனைவி லூசிலின் தம்பி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இந்த வினைலைப் போட்டவன்.

ஏப்ரல் 9
நார்மண்டிடம் கேட்டே விட்டேன். "மூடறதுக்கு முன்னாடி மரத்தப் பாத்தியா?"

"பாத்தேன் மச்சான். எலும்பு மாதிரி காஞ்சு கெடந்துச்சு."

உடனே பதில் வந்தது. குற்றமற்றவனுக்கு யோசிக்க நேரம் தேவைப்படும்.

ஏப்ரல் 10
நார்மண்ட் மேப்பிள் பாகு ஒரு புட்டி கொடுத்தனுப்பியிருக்கிறான். வருஷா வருஷம் கொடுப்பவன்தான். அதுவும் திட்டமாக இருக்கலாம்.

ஏப்ரல் 18
லூசில் சொல்லிவிட்டாள்: "ஈஸ்டர் விருந்துல சுவரப் பத்திப் பேச்செடுத்தீங்க, நான் அவன் வீட்டுக்கே போயிடுவேன்."

ஏப்ரல் 20
பேச்செடுத்தேன். பன்றித் தொடைக்கறி பரிமாறும்வரை பொறுத்திருந்தேன். அதை யாரும் பாராட்டவில்லை.

"அழுகின மரத்த மூடி மறைச்சவன் நீ," என்றேன்.

நார்மண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "என் கோட்ட எடுத்துக் குடுக்கா."

லூசில் இரண்டு கோட்டுகளை எடுத்தாள். இரண்டாவது அவளுடையது.

ஏப்ரல் 28
தச்சு வேலை செய்யும் கோரின் வந்து வினைலைக் கழற்றினாள். கீழ்ப்பகுதி மரம் ஈரக் காப்பித்தூளாக உதிர்ந்தது. ஜன்னலுக்கு மேலே எல்லாம் உலர்ந்திருந்தது. அங்கே மூன்று பலகைகள் மட்டும் மற்றவற்றைவிடப் புதியவை. அவற்றின் மேல் நார்மண்டின் பென்சில் எழுத்து: 'கெட்டதை மாற்றியாயிற்று.' இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஒவ்வொரு வினைல் பலகையோட கீழ் விளிம்புலயும் ஓட்ட இருக்கு பாருங்க," என்றாள் கோரின். "உள்ள எறங்கற தண்ணி வெளிய வர்ற வழி. யாரோ ஒண்ணு விடாம அடைச்சு வெச்சிருக்காங்க. தண்ணி எங்க போகும், மரத்தத்தான் தின்னும்."

"யாரா இருக்கும்?"

"யாரோ ரொம்பப் பொறுமையான முட்டாள்."

விசாரிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 29
விசாரணை முடிந்தது.

மே 1
நார்மண்டுக்குத் தொலைபேசியில் முழுவதும் சொன்னேன். பசை, அக்டோபர், எல்லாம். அந்தப் பக்கம் இருமல் போல ஏதோ. சிரிப்பாக இருக்குமோ? இருக்கட்டும். எனக்குச் சிரிக்க வரவில்லை. தப்பு பண்ணிட்டேன்டா — இதையும் சொன்னேன்.

மே 3
காலை முழுக்க மற்ற மூன்று சுவர்களிலும் கோணூசியால் ஓட்டைகளைத் திறந்தேன். லூசிலைக் கூட்டிக்கொண்டு வந்த நார்மண்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"அடச்சது என்னா நேர்த்தி மச்சான்! சம்பளத்துக்குக்கூட ஒருத்தன் இப்படிச் செய்ய மாட்டான்."

ஏணியை அவன் ஆட்டுவதாக இருமுறை சந்தேகப்பட்டேன். காற்றுதான்.

உள்ளே அடுப்புச் சத்தம். லூசில் வழக்கமான சனிக்கிழமை பீன்ஸ் வைத்திருந்தாள். மேசையில் மூன்று தட்டுகள். மூன்றாவது யாருக்கென்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உட்கார்ந்தேன்.