ஒன்றாம் எண் இன்னும் படிக்கவில்லை

சுரடாடி,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகை முடிந்து

அன்பு மகன் ராஸ்தமுக்கு உன் அப்பா தசூக்கி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை துரியா மூவரும் உடம்பில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன்னிடமிருந்து சேதி வந்து பதினொரு மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் புழங்குவதில்லை. இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதுகிறேன். ஒன்று உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர்களிடம் கொடுக்க, ஒன்று நீ கடைசியாகப் போன் பேசிய மோன்டெவிடியோ துறைமுகத்து மாலுமிகள் விடுதிக்குத் தபாலில் போட, மூன்றாவது நம் கோடிவீட்டு வர்யோ கையில் கொடுத்துவிட. அவன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறி அதே கடலுக்குக் கணவாய் மீன் பிடிக்கப் போகிறான். எது வந்து சேர்ந்தாலும் மற்ற இரண்டும் என்னவாயிற்றோ என்று நினைக்காதே, மூன்றிலும் ஒரே விஷயம்தான், மூன்றாவதில் கோபம் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவே.

புத்தகம் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ‘ஏழு முகத்துவாரங்கள்’ ஏழாம் பாகம், கடைசிப் பாகம். ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆருமியை உப்புக் குகைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு அந்த எழுத்தாளரம்மா ஆறு வருஷம் சத்தமே காட்டாமல் இருந்தாரே, அதற்கு ஒரு முடிவு அச்சாகி வந்துவிட்டது. இந்த ஒரு மாதமாக நம் வாடகைப் புத்தகக் கடையில் வேறு எந்தப் புத்தகமும் வெளியே போகவில்லை, வாய்ச்சண்டைதான் நடந்தது. ஆருமி செத்துவிட்டாள் என்று ஒரு கட்சி, இருக்கிறாள் என்று ஒரு கட்சி. மெக்கானிக் கஸ்மான் செத்த கட்சிக்குத் தலைவர். “கதவு மூடி ஆறு வருஷம் ஆச்சு, உள்ள தண்ணி இல்ல, சோறு இல்ல, அவ என்ன உப்பை நக்கிக்கிட்டா உக்காந்திருப்பா?” என்பார். ரிக்‌ஷா ஓட்டும் தஸ்ரிபின் விடமாட்டான், “உடம்பைக் காட்டினாங்களா? காட்டல இல்ல? அப்ப வாயை மூடும்” என்பான். நான் உள்ளேயிருந்து தேநீர்க் கூஜாவோடு வந்தால் இரண்டு கட்சியும் சட்டென்று நிறுத்திக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும். எனக்குப் புரியாமல் இல்லை.

வெளியீட்டு நாளன்று முதல் பஸ்ஸில் தெகால் டவுனுக்குப் போனேன். கடை வாசலில் எனக்கு முன்னால் இருநூறு பேர் இருக்கும், பாதிப் பேர் உப்புக் குகைக்காரர்கள் மாதிரி முகத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வந்திருந்தார்கள், ஒரு பெண் ஆருமியின் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வயது அறுபத்தொன்று, என் பின்னால் நின்ற ஒரு பெண் “தாத்தா, பேரனுக்கா?” என்று கேட்டாள், இல்லை மகனுக்கு என்றேன். பத்து மணிக்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டது, அடுத்த அச்சு எப்போது என்று அவர்களுக்கே தெரியாதாம். நம் ஊருக்கு வந்தது இந்த ஒரு பிரதிதான். பஸ் நிறுத்தத்தில் தஸ்ரிபின் ரிக்‌ஷாவுக்குப் பூக்காகிதம் ஒட்டிக் காத்திருந்தான். நான் நடந்து வருகிறேன் என்றால் கேட்கவில்லை, புத்தகத்தைச் சீட்டில் வைத்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மணியடித்துக்கொண்டே ஓட்டிவந்தான். பள்ளிக்கூடப் பெண்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். கடை வாசலில் செருப்புப் போட இடமில்லை. எல்லோர் முகத்திலும் பெருநாள் காலை மாதிரி ஒரு வெளிச்சம், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

நீ எழுதிய சட்ட அட்டை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. மூன்றாம் பாகம் வந்தபோது கஸ்மானும் டோஃபு விற்கிற வஸ்ரியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் புத்தகம் நடுவில் கிழிந்து, முன்பாதி ஒருத்தரிடம், பின்பாதி இன்னொருத்தரிடம் போனதே, அன்றைக்கு அழுதுகொண்டே எழுதினாயே பதினொரு வயதில். வரிசைப்படிதான் படிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நாள். வரிசையில் கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. வஸ்ரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ‘அவர் முறையை எனக்குத் தந்துட்டார்’ என்று தஸ்ரிபின் வாய்கூசாமல் சொல்லிப் புத்தகத்தைக் கொண்டுபோன பிறகு, சிவப்பு மையில் நாலாவது சட்டம். தன் முறையை விட்டுக்கொடுப்பவர் தன் கையால் எழுதித் தர வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. சின்னப் பையன் எழுதிய சட்டம் என்று ஒருத்தரும் சிரிக்கவில்லை, இத்தனை வருஷம் ஊரே கட்டுப்பட்டது. ஆறாம் பாகம் படித்துவிட்டு ரெத்னோ டீச்சர் வகுப்பில் அழுது பிள்ளைகள் முடிவைக் கண்டுபிடித்துவிட்டதற்கு அபராதமாக, நீ அவரை ஊருக்கெல்லாம் டோஃபு பொரித்துத் தரவைத்தாய். உனக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சர், மறுபேச்சில்லாமல் பொரித்தார். அந்த வரிசை நோட்டில் புத்தகம் வந்த அன்றைக்கு ஐம்பத்தெட்டுப் பெயர். ஒன்றாம் எண் நீ.

அதனால் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒன்றாம் எண் இன்னும் படிக்கவில்லை, அவன் படித்த பிறகுதான் இரண்டாம் எண் என்றேன். முதலில் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். சாவியைச் சட்டைப்பையில் போட்டதும்தான் புரிந்தது. நாலு நாள் பொறுத்தார்கள். ஐந்தாம் நாள் கஸ்மான் வெடித்துவிட்டார், “பாக் தசூக்கி, ஐயா, உமக்கே இது நியாயமா? ஆறு வருஷம் காத்துக்கிடந்தோம், என் மூட்டெல்லாம் தேஞ்சு போச்சு, வராதவனுக்காக இன்னும் எத்தனை நாள்” என்றவர் அப்படியே நின்றுவிட்டார். வராதவன் என்றது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை ராஸ்தம், ஏனென்றால் அதே சொல்லை நான் தினம் காலையில் எழுந்ததும் மனசுக்குள் கேட்கிறேன். மறுநாள் மனிதர் பட்டறையைத் திறக்காமல் வந்து, நான் கேட்காமலே நம் கடைக் கதவின் கீலைக் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை இரண்டாம் எண் வந்தார், அதாவது ரெத்னோ டீச்சர். கதவோரம் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார், “பாக், அவன் பேரை அடிக்க வேண்டாம், ஒண்ணுலேருந்து எடுத்துக் கடைசியில போட்டுடலாம். மூணாவது சட்டம் என்ன சொல்லுது? கடைசி ஆள் படிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நாங்க அம்பத்தேழு பேரும் படிச்சுட்டு, அவன் வந்து படிக்கிற வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கோம். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. நான் பொறுப்பு.” ஊர் முழுக்க உனக்காக ஒரு முடிவை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடமாடும், தேநீர்க் கடையில், மசூதி வாசலில், பஸ்ஸில், நீ வந்து கடைசிப் பக்கத்தை மூடும்வரை. இதைவிடப் பெரிய மரியாதையை யார் உனக்குச் செய்துவிட முடியும்? ஆனாலும் நாலாவது சட்டம் இருக்கிறதே என்றேன். டீச்சர் அந்தச் சிவப்பு மையை நிமிர்ந்து பார்த்தார், உன் எழுத்தைச் சீராக்கியவர் அவர்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு “அப்போ அவன்கிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன்னிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நேற்று மதியம் கடையைச் சாத்திவிட்டு, அந்த அட்டையை இறக்கி எதிரில் வைத்துக்கொண்டு, முறையைக் கடைசிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று உன் எழுத்தில் நானே எழுதிப் பார்த்தேன். உன் எழுத்தெல்லாம் வலது பக்கம் சாயும், கடைசி எழுத்தில் ஒரு வால் விடுவாய். பத்துத் தடவை எழுதிக் கெடுத்து, பதினோராவது தடவை அச்சாக உன் கை மாதிரியே வந்துவிட்டது. டீச்சரால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நோட்டில் ஒட்டிவிட்டால் ஊருக்கு நிம்மதி, எனக்கும் தினம் தினம் இந்த முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தத் தாளை நோட்டில் ஒட்டினால் அதற்குப் பிறகு உன் எழுத்துக்காக இந்த ஊரில் ஒருத்தரும் காத்திருக்க மாட்டார்கள் ராஸ்தம், நான் ஒருவன்தான் காத்திருக்க வேண்டும், தனியாக என்னால் முடியாது. சட்டம், வரிசை என்று நான் பிடிக்கிற முரண்டெல்லாம் வெறும் பேச்சு. உயிரோடு இருக்கிறாயா என்று உன்னைக் கேட்டு எழுத எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் புத்தகத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சர்மின் போன மாதம் ஊர் திரும்பினான், உன்னோடு ஒரே கப்பலில் இருந்தவன்தானே. நடுக்கடலில் உன்னை வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான், கப்பல் பேர் தெரியாதாம், உன் கை வீங்கியிருந்தது என்றான், அதற்கு மேல் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். ஏஜென்சியில் கேட்டால் சேதி இல்லை என்றால் நல்ல சேதி என்கிறார்கள், சொல்லிவிட்டு விசிறியை என் பக்கம் திருப்பிவைக்கிறார்கள். பெற்றோர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான். உன் அம்மா வேண்டாம் என்றாள், கடையில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்தே இவன் வீணாகிறான், கடல் இவனை ஆளாக்கும் என்று அவளிடம் சொன்னது நான். இத்தனை மாதத்தில் அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் தேவலை. டீச்சர் வந்துபோன மறுநாள் அவள் சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசை நோட்டில் தன் பேரை எழுதச் சொன்னாள். மளிகைச் சீட்டையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், ஏன் வர்கியா, நீயா படிக்கப் போகிறாய் என்றேன். “ஊரே என் பிள்ளைக்காக வரிசையில நிக்குது, பெத்தவ நான் மட்டும் வெளியிலயா நிப்பேன்? எழுதுங்க” என்றாள். எழுதினேன். ஐம்பத்தொன்பது.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதத்தோடு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன், உறையில் நம் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி எழுது, என் முறையைக் கடைசிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று. எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய், எப்போது வருகிறாய், எதுவும் எழுத வேண்டாம், நான் கேட்கவில்லை. என் மேல் கோபம் என்றால் இரண்டு வரி திட்டியே எழுது, அதையும் நோட்டில் ஒட்டுகிறேன், ஊரே படிக்கட்டும். கை இன்னும் வீங்கியிருந்து பேனா பிடிக்க முடியாவிட்டால் கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றி அனுப்பு. உன் வலது கட்டைவிரலில் மீன்தூண்டில் கிழித்த தழும்பு குறுக்கே போகும், எனக்குத் தெரியும், நான் ஏற்றுக்கொள்வேன், நாலாவது சட்டத்துக்கு அது போதும். எழுத்தோ விரலோ எது வந்தாலும் அன்றைக்கே அலமாரியைத் திறந்து டீச்சர் கையில் கொடுத்துவிடுவேன், தஸ்ரிபின் அவரை ரிக்‌ஷாவில் வைத்து வீடுவரை கொண்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஆருமி செத்தாளா இருக்கிறாளா என்று அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கைக்குத் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடுபண்ணித் தேய், ஈரக் காலுறையோடு படுக்காதே, கப்பலில் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, உனக்கு உன் அப்பன் வாய். துரியா உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்று போனாள், தாளை நனைத்துவிட்டாள், ஸலாம் மட்டும் சொல்லச் சொன்னாள். உன் அம்மா ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறாள், நான் அவள் பின்னால் ஆமீன் சொல்கிறேன். அல்லாஹ் உன்னைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தட்டும். வெற்றுத்தாள் கடிதத்தின் கடைசி மடிப்பில் இருக்கிறது, பிரிக்கும்போது காற்றில் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா தசூக்கி
(வரிசையில் நாற்பத்தேழாம் எண். கதை படிப்பது சோம்பேறி வேலை என்று அன்றைக்குச் சொன்னதற்காக நீ பின்னால் தள்ளியது. நானும் இன்னும் காத்திருக்கிறேன்.)