உப்பு போடாமலே இறுகியது

பிப்ரவரி 3
தூறல். டொனோஸ்தியாவில் இதை யாரும் மழையென்று சொல்வதில்லை, ஆனால் என் காலுறை நனைந்துவிட்டது. இன்றும் பிசின் சீக்கிரமே இறுகியது. பாலியூரிதேன் செய்கிற எல்லாரும் வெள்ளீயத்தைத்தான் வினையூக்கியாகப் போடுகிறார்கள். அந்த நஞ்சு பிளாஸ்டிக்குக்குள்ளேயே தங்கிவிடும். காயத்தில் ஒட்டும் பட்டைக்கு ஆகாது. நான் போடுவது அமிலமும் காரமும் சேர்த்துச் செய்த ஒரு உப்பு. உலோகமே கிடையாது.

"மத்தலேன், மார்ச்சோட உன் வேலை முடியுதுன்னு யார் சொன்னா? பட்டை செய்யற கம்பெனிக்காரங்க இதைப் பார்த்தா அவங்களே உனக்குச் சம்பளம் குடுப்பாங்க" என்றார் பேராசிரியர் கோல்டோ. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

பிப்ரவரி 8
தூங்கினேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 11
உப்பு போட மறந்துவிட்டேன். அவ்வளவு அசதி. பிசினைக் கலக்க வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உப்புக் குப்பி திறக்காமலே இருக்கிறது, குடுவைக்குள் பிசின் கல்லாய் இறுகிக் கிடக்கிறது.

உப்பே இல்லாமல் எப்படி? முன்பு உப்பில்லாமல் செய்து பார்த்ததெல்லாம் தண்ணீராகத்தானே கிடந்தது — ஆமாம், அதெல்லாம் சின்னக் குப்பியில், கையால் குலுக்கியது. குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தம் போடவில்லை.

ஐயோ.

பிப்ரவரி 12
கழுவும் தொட்டியருகே, ஆப்பிள் மதுவான சிடர் குடிக்கும் பழைய குவளை ஒன்று. எங்கள் ஆய்வகத்துக் காந்தங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். உனது எனது கிடையாது: எடு, கலக்கு, கழுவிப் போடு. ஊரில் எல்லாரும் கூடிச் சமைக்கும் சங்கத்துச் சட்டிகளும் அப்படித்தான். தனியாக எடுத்து வைத்துக்கொள்பவனை ஒருமாதிரி பார்ப்பார்கள். பக்கத்து மேசை எனெரிட்ஸ் செய்வதெல்லாம் வெள்ளீயம் போட்ட பிசின்.

"கழுவித்தான்டி போடறேன்! என்னை என்ன சோம்பேறின்னு நெனச்சியா?"

கழுவுகிறாள்தான். ஆனால் காந்தத்தின் வெள்ளை உறை பழசானால் கீறல் விழும். கீறலுக்குள் போனது கழுவினால் வராது; அடுத்த பிசினில்தான் கசியும். புதுக் காந்தம் வாங்கி வந்து உப்போடு கலக்கினேன். மாலைவரை இறுகாமல் தேன் மாதிரியே கிடந்தது.

பிப்ரவரி 15
நாளை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? யாருடைய காயத்திலோ ஒட்டப்போகிறதே. வேலை போனால் வாடகை?

பிப்ரவரி 16
சிடர் விடுதியில் விருந்து. பீப்பாயைத் திறக்கிறோம் என்று குரல் கேட்டதும் கம்பெனிக்காரர்கள் தவிர எல்லாரும் குவளையோடு எழுந்தோம். வரிசையில் கோல்டோ எனக்கு முன்னால்.

"கோல்டோ, அது என் உப்பு இல்ல. வெள்ளீயம். நம்ம காந்தத்துல இருந்து வந்திருக்கு."

குவளையைப் பீப்பாய்க்கடியில் நீட்டியபடியே நின்றார். நிரம்பிச் சட்டைக்கையெல்லாம் நனைந்தது.

"அண்ணே, நகருங்க! பீப்பாய் உங்களுக்கு மட்டுமா?" என்றான் பின்னாலிருந்தவன்.

"இதை இங்கயா சொல்லணும்?" என்றார் கோல்டோ.

"மேசையில அவங்க இருக்காங்களே."

மேசைக்குத் திரும்பியதும் அவரே அவர்களிடம் சொல்லிவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இறைச்சியை யாரும் தொடவில்லை.

மார்ச் 31
மேசையைக் காலி செய்தேன். என் புதுக் காந்தங்களை எனெரிட்ஸிடம் கொடுத்தேன். உப்பையும்.

"சூடு பண்ணிப் பார்த்தியாடி?"

"நேரம் எங்க இருந்துச்சு?"

ஏப்ரல் 22
வேலையில்லாதோர் அலுவலக வரிசையில் நின்றிருந்தேன். எனெரிட்ஸ் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குடுவை நிறையக் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிசின், நடுவில் வெள்ளையாக ஒரு காந்தம். உடனே அழைத்தாள்.

"உன் உப்புதான்டி. சூட்டுல வச்சேன். காலையில வச்சது, சாயங்காலம் இறுகிடுச்சு. உப்பு போடாத குடுவை அப்படியே தண்ணியா கெடக்கு. ஆனா உன் புதுக் காந்தம் உள்ளயே மாட்டிக்கிச்சு. எடுக்க வரல."

இருக்கட்டும் என்றேன். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்து, கைக்குட்டையை நீட்டினார்.