மெழுகுப் பென்சில் கோடு

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கடையில் கண்ணாடி வெட்டும் மேஜையை அண்ணனுக்காக யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போயிருக்கிறார். அதற்குள் இதை முடிக்க வேண்டும்.

கண்ணாடி உடைந்து மேல்கையில் இறங்கியபோது, அறுந்த நரம்பைத் தைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வெட்டுக்குக் கீழே விரல்வரை இருந்த நரம்பிழைகள் சில நாளிலேயே சிதைந்துபோய்விட்டனவாம். தைத்த இடத்திலிருந்து புது இழை முளைத்து, பழைய நரம்பின் வெற்று உறைக்குள் ஊர்ந்து வர வேண்டும். அதற்குள் கையின் தசை வற்றிவிடக் கூடாது. எங்கே தட்டினால் சுண்டுவிரலுக்குச் சுருக்கென்று ஓடுகிறதோ, அதுவரை இழை வந்திருக்கிறது என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார்.

ஞாயிறுதோறும் தட்டுவேன். அவர் "இங்க" என்னும் இடத்தில், கண்ணாடியில் குறி போடும் மெழுகுப் பென்சிலால் கோடு இழுப்பேன். "இது எக்ஸ்பிரஸ் இல்லடி, பாசஞ்சர். எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரும்" என்பார். முந்தின ஞாயிறு கோடு மணிக்கட்டுக்கு வந்திருந்தது. உங்களிடமும் போனில் சொல்லியிருப்பார்.

போன வாரம் அவருக்குத் தலை துவட்டிவிட்டேன். முகம் துண்டுக்குள் இருந்தது. சும்மா கோட்டின்மேல் தட்டினேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. முன்கையில் தட்டினேன், அப்போதும் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே தட்டியதும் "ஏய்!" என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல, "தண்ணி சில்லுனு இருக்கு" என்றார்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். "அங்கேயே முடிச்சு விழுந்து நின்னுடுச்சும்மா. கைத்தசை வத்திப்போச்சு. இனி நரம்பு வந்தாலும் அசைக்க ஒண்ணும் மிச்சமில்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே" என்றார்.

நேற்று ஞாயிறு. எப்போதும்போல் கையை நீட்டினார். பழைய கோட்டைத் தாண்டி "இங்க" என்றார். நான் கோடு போட்டேன்.

மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் தம்பி. கண்ணாடி தூக்கும்போது நீங்கள் தோள்வரை உறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

உள்ளங்கைக்கு வந்துவிட்டது என்று அவர் போன் செய்வார். மேஜை பேச்சை எடுக்காதீர்கள். "வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குதுண்ணே?" என்று வழக்கம்போல் கேளுங்கள்.

உங்கள் அண்ணி