சூலெய்ஜி சத்தியம் செய்த பாம்பு

அன்புள்ள வால்தெசிருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு என் வாடகை வீட்டு வாசலில் கூடியவர்கள் நான், பக்கத்து வீட்டு சூலெய்ஜி, போதகர், கால்நடை மருத்துவர், நான்கே பேர். எலிக்காக நான் கூரையில் வளர்க்கும் போவா மலைப்பாம்பைத் தூக்கிப்போய், காணாமல் போன தன் பாம்பு அதுதான் என்று சாதித்தாளே, அந்த வழக்குதான்.

"உன் பாம்பு ஆணாம்மா, பெண்ணா?" என்று போதகர் சூலெய்ஜியிடம் கேட்டார்.

"ஆம்பளை, பாஸ்டர். எம் புருஷனைவிடத் திடம்" என்று வேதாகமத்தின் மேல் கை வைத்தாள். போன வருடம் என் கூரையில், முட்டையிடாமல் குட்டியாகவே போட்ட பாம்பு அது. சத்தியம் முடியட்டும் என்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் வாலடித் துளையில் மெல்லிய கம்பியை விட்டார். மூன்று செதில் ஆழத்தோடு நின்றுவிட்டது. "ஆணுக்கு இன்னும் ஆழமாப் போகும். இது பொட்டை. வயித்துல குட்டி வேற இருக்கு" என்றார்.

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு ஒரு வாரப் பசி தீர்ந்த மாதிரி இருந்தது. அதற்குள் அவள், "அப்ப அப்பன் என் பாம்புதான். பாதிக் குட்டி எனக்கு" என்றாள்.

"அப்பனைக் கூட்டிட்டு வந்து கேளுடி" என்றேன்.

ஒரு குட்டியாவது கொடுத்து மன்னித்துவிடு என்கிறார் போதகர். ஜெபித்துப் பார்த்தேன், மனம் இளகவில்லை. எலி அவள் வீட்டு மாவையெல்லாம் தின்னட்டும்.

நம் ஊர் மரவள்ளி மாவும், நீங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றும் படகில் கொடுத்தனுப்புங்கள். பாம்புக் கூடையில் விரிக்கத்தான். அடுப்பில் சோறு கொதிக்கிறது. குட்டி கொடுக்கவா வேண்டாமா, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்
லிந்தால்வா