நாலாயிரத்துக்கு மேலே

மார்ச் 4, புதன்

ஏசி மெக்கானிக் இன்றும் வரவில்லை. சுவரில் ஒழுகும் தண்ணீர் மிக்சிங் மேசைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வாளி வைத்திருக்கிறேன்.

தம்பியின் ராக் குழு இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டு ஐந்து நாள் ஆகிறது. முதல் ஆல்பத்தைப் போல இதையும் நான்தான் மிக்ஸ் செய்தேன், குரலும் வாத்தியமும் எது எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று பார்த்து. கமெண்ட் இருநூறைத் தாண்டிவிட்டது என்று காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னான். முப்பத்தைந்து வயதாகிறது, பரீட்சை ரிசல்ட் வந்த பிள்ளை மாதிரி குதிக்கிறான். எல்லாவற்றையும் படித்தேன். அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிய ஐந்தாவது பாட்டைக் கேட்டு அழுததாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், "டிரம்ஸ் காதைக் குத்துது." போனில் கேட்டிருப்பார். போனில் கேட்டால் குத்தத்தான் செய்யும்.

மார்ச் 6

"முதல் ஆல்பம் கம்பளி. இது சவரக்கத்தி." இதற்கு எண்பது லைக்.

மறுபடி முழுசாகக் கேட்டேன். பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை, ஹெட்போனில் ஒரு தடவை. எங்கே இருக்கிறது சவரக்கத்தி? டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் எல்லாம் பின்னால் தள்ளி, பஞ்சு மாதிரி, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஜனங்களுக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 7

இன்றைக்குப் பதினேழு பேர். எல்லாருக்கும் ஒரே வார்த்தை. கூசுது.

மார்ச் 9

தம்பி கூப்பிட்டான். "அக்கா, எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களே. ஒரு தடவை பாக்கறியா?"

"இருபத்தி மூணு வருஷமா இந்த வேலைலதான் இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அதுக்கில்லக்கா. நீ சொன்னா சரிதான்."

அதோடு விட்டுவிட்டான். அவன் விட்டதுதான் இப்போது உறுத்துகிறது. ஜனவரியில் மிக்சிங் நடந்தபோது, டிரம்ஸ் வாசிப்பவன் (எல்லாருக்கும் அவன் இடி, அவன் பெயரை அவன் அம்மாவே மறந்திருப்பார்) சோபாவில் உட்கார்ந்தபடி முகத்தைச் சுளித்தான். "சிம்பல் கொஞ்சம் தூக்கலா இருக்கோக்கா?" என்றான். "அடிக்கறது உன் வேலை, கேக்கறது என் வேலை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் வாயே திறக்கவில்லை.

எனக்கு அது மந்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

மார்ச் 12

காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது 'பீப்' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த அறையில் இவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அது எவ்வளவு நேரமாக் கத்துது, எடுத்துத்தான் பாரேன்!"

எடுத்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு. எண் மின்னிக்கொண்டிருந்தது. காதருகே கொண்டுபோனேன்.

ஒன்றுமில்லை.

பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தேன். பேட்டரி போனால் அவருக்கு எப்படிக் கேட்டது?

மார்ச் 13

காய்ச்சலோடு ஸ்டுடியோ போனேன். சுருதியைப் படிப்படியாக ஏற்றும் சோதனை ஓசையைப் போட்டேன். ஆயிரம் ஹெர்ட்ஸ், கேட்டது. இரண்டாயிரம், கேட்டது. மூவாயிரத்தில் மெலிந்தது. நாலாயிரத்தைத் தாண்டியதும் யாரோ கதவைச் சாத்தியது போல் நின்றுவிட்டது. திரையில் மட்டும் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரம். மெஷின் கோளாறு, கேபிள் கோளாறு, இந்த ஏசித் தண்ணீர் எங்கேயோ உள்ளே போய்விட்டது — என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

என்னை அழைத்துப்போக இவர் வந்தார். கதவைத் திறந்தவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

மார்ச் 17

காது டாக்டர் என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்தார். ஓசை கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதியில் நான் ஊகித்து அழுத்த ஆரம்பித்தேன். ஐம்பதை நெருங்கும் பொம்பளை, பரீட்சையில் காப்பி அடிக்கிறேன்! அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கேக்கலன்னா அழுத்தாதீங்கம்மா."

வெளியே வந்ததும் தாளைக் காட்டினார். தாளின் இடப்பக்கம் கோடு சமதரையில் போகிறது. அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி நேராகக் கீழே. "நாலாயிரத்துக்கு மேல உங்களுக்கு எதுவுமே வரல. பல வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. பேச்சு கேக்கறதால தெரியாம இருந்திருக்கும்."

"சரியாகுமா?"

"போனது போனதுதான். மெஷின் வெச்சுக்கலாம். பேச்சு இன்னும் தெளிவாக் கேக்கும்."

"பாட்டு?"

என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 19

தம்பியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன்.

மார்ச் 22

சொல்லியிருந்தால் இந்த இக்கட்டு வந்திருக்காது. வாரப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்க விமர்சனம். தம்பி போனிலேயே படித்துக் காட்டினான். "காதை அறுக்கும் இந்தச் சிம்பல்கள் தற்செயலானவை அல்ல. தந்தையின் கட்டிலருகே ஓயாமல் அலறிய இயந்திரங்களை நம் காதுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். அழகாக இருக்க மறுக்கும் துக்கம் இது."

படித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "வேணும்னேதான் செஞ்சியாக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"ம்" என்றேன்.

ஒரே ஒரு 'ம்'. அதை வாய் சொன்னதா, நான் சொன்னேனா? அந்தப் பாட்டு அப்பா தூங்கிக்கொண்டிருக்கும் அறை மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் நாலு நாள் உட்கார்ந்தேன். எதுவும் உறைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

மார்ச் 29

தம்பியின் பேட்டி வீடியோ. "எங்க அக்காதான் அதைத் துணிஞ்சு செஞ்சாங்க. எங்களுக்கே அப்பப் புரியல" என்கிறான். கண் மின்னுகிறது. இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். எல்லாச் சட்டைக்கும் போட்டார்.

ஏப்ரல் 2

கமெண்டில் இப்போது இரண்டு கட்சி. "இந்தக் கூர்மை புரியாதவங்க தாலாட்டு கேட்டுட்டுத் தூங்கலாம்" என்று ஒரு கட்சி. "அக்காவாம், துணிச்சலாம். காது செவிடான ஆள் மிக்ஸ் பண்ண மாதிரி இருக்கு" என்று இன்னொரு கட்சி. அவர் கிண்டலுக்குத்தான் எழுதினார். முன்னூறு பேரில் அவர் ஒருவர்தான் சரியாகச் சொன்னவர்.

அதற்கும் கீழே ஒன்று. அப்படியே எழுதிவைக்கிறேன்: "போன மாசம் எங்க அம்மா இறந்துட்டாங்க. அஞ்சாவது பாட்டை ஒரு தடவையாவது முழுசாக் கேக்கணும்னு இருக்கு. ரெண்டாவது நிமிஷத்துலயே தலைவலி வந்துடுது. நிறுத்திடறேன். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். என்னவென்று எழுதுவது?

ஏப்ரல் 5

ஒரு புதுக் குழு ஸ்டுடியோவுக்கு வந்தது. "எங்களுக்கும் அந்த அறுப்பு வேணும் மேடம். அதே மாதிரி." ஏசி வேலை செய்யவில்லை, இப்போது பதிவு எடுக்க முடியாது என்றேன். ஃபேன் போட்டுக்கொள்ளலாமே என்றார்கள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது.

ஏப்ரல் 8

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, காட்டிவிட்டேன்.

தம்பியை வரச் சொல்லி, அந்தச் சோதனை ஓசையை ஆறாயிரத்தில் வைத்தேன். ரெண்டு விநாடிகூட ஆகவில்லை. "அய்யோ, நிறுத்துக்கா!"

"எதை?"

"இந்தக் கீச்சுச் சத்..." பாதியில் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவனே எட்டி நிறுத்தினான். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, அவன் தோள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா?"

"ஆல்பம் முழுக்கடா."

காதைத் தொடப் போகிறவன் மாதிரி கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டான். பிறகு கேட்டான்: "நான் விமர்சனம் படிச்சுக் காட்டினேனே, அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா 'ம்'னு சொன்ன? கேமரா முன்னாடி உக்காந்து உளறியிருக்கேனே... பாத்துட்டு சும்மா இருந்திருக்க. அதுவும் அப்பா பாட்டுல!"

என்னத்தச் சொல்ல? பயந்துட்டேன்டான்னு சொல்லியிருக்கலாம். காது போச்சுன்னா நான் யாருடான்னு கேட்டிருக்கலாம். அவன் போயிட்டான். செருப்பை மாட்டாம கையில எடுத்துக்கிட்டே போனான்.

ஏப்ரல் 15

கூப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 21

காதில் மெஷின். காகிதம் கசங்குவது, இவர் பல் தேய்ப்பது, என் செருப்பு உரசுவது எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. பாட்டுப் போட்டால் மட்டும் டப்பாவுக்குள் கரண்டி உருட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்குக் கேட்காத ஓசையின் இடத்தில் தாழ்ந்த வேறொன்றைக் கொடுக்கிறதாம். டாக்டர் விளக்கினார். பாட்டுக்கு மட்டும் கழற்றிவைக்கிறேன்.

மே 3

இடி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அன்னிக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்க்கா."

"நீதான் சொன்னியேடா. நான்தான் உன் வாயை அடைச்சேன். மன்னிச்சுக்கடா."

ஐந்தாவது பாட்டை வேறு ஊரில் ஒருவரிடம் மறுபடி மிக்ஸ் செய்யக் கொடுத்திருக்கிறார்களாம். என்னிடம் சொல்லிவிட்டு வரும்படி தம்பிதான் அனுப்பினானாம். என் காதைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டானாம். "பேட்டில சொன்னது தப்புன்னு மட்டும் எழுதிட்டான்க்கா. தப்பு எங்களோடதுன்னு எழுதிட்டான்." அவன் போன பிறகும் அந்த 'எங்களோடது' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14

புது மிக்ஸ் நேற்று வந்தது. கீழே வேறொருவர் பெயர். கமெண்ட் படித்தேன். "இப்பத்தான் மனுஷன் கேக்கற மாதிரி இருக்கு" என்கிறார்கள். "பழசுல இருந்த உயிரே போச்சு, பயந்துட்டாங்க" என்றும் சொல்கிறார்கள். சண்டை கடுமையாக நடக்கிறது. எனக்கு இரண்டு பக்கத்தாரைப் பார்த்தும் பொறாமையாக இருக்கிறது.

பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டேன், ஆறு தடவை. மெஷினோடு மூன்று, இல்லாமல் மூன்று. இரண்டும் ஒன்றுதான்.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். இரண்டு மாதத்துக்கு அப்புறம்.

"கேட்டியா?"

"கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியலடா."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"சரி, நான் சொல்றேன்" என்றான். பாட்டை அவன் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "இங்க ஒண்ணுமில்ல, கிடார் மட்டும்தான்... இப்பச் சிம்பல் வருது. யாரோ புடவை மடிக்கற மாதிரி இருக்கு."

"எவ்வளவு தூரத்துல?"

யோசித்தான். மறுபடி போட்டுக் கேட்டான்.

"பக்கத்து ரூம்லக்கா. கதவு திறந்திருக்கு."