நான் சாத்திய கதவு

ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம்.

மத்தியானம் சுமதியும் நானும் டிவியில் பேய் கேம் விளையாடினோம். கல்யாணமாகி நாலு மாதத்தில் அவளாக ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் இருவரும் மாட்டிக்கொள்கிறோம். பேய்கூட அவ்வளவு பயமாக இல்லை. துப்பாக்கியில் ஒரே ஒரு குண்டுதான் மிச்சம் என்பதுதான் பயமுறுத்தியது. பேய் துரத்தியபோது முந்தி ஓடி ஓர் அறைக்குள் புகுந்துகொண்டேன்.

"கதவ சாத்திடாதீங்க, வந்துக்கினே இருக்கேன்," என்றாள், என் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

சாத்திவிட்டேன். திரையில், கதவுக்கு வெளியே அவள் அலறியது அறைக்குள் கேட்டது.

"தெறந்து வெச்சிருந்தா ரெண்டு பேருமே செத்திருப்போம்," என்று சமாளித்தேன்.

"செத்தா என்னங்க? மறுபடி மொதல்லேர்ந்து ஆடியிருப்போம்." கோபமில்லாமல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

செத்தாலும் ஒன்றும் போகாத இடத்திலேயே அவளை வெளியில் விட்டிருக்கிறேன். எத்தனையோ பேய் கேம் ஆடியிருக்கிறேன். என்னைப் பார்த்தே நான் பயந்தது இன்றுதான்.

ராத்திரி சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். தட்டை நீட்டினேன். இப்போது தூங்கிவிட்டாள். நான் இன்னும் கேட்கவில்லை.